கழுதைக்குத் தெரிந்த கற்பூர வாசனை
(ஓர் எலுமிச்சை அத்தரை முன்வைத்து)

'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்று தமிழில் ஒரு பழமொழி இருக்கிறது. வகுப்பில் வாத்தியார் சொல்லி, பட்டறையில் முதலாளி சொல்லி, இலக்கியக் கூட்டத்தில் விமர்சகர் சொல்லாமல் சொல்லி, இதைக் கேட்காமல் நம்மில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. இதை வெறும் பழமொழி என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. இது ஓர் அழகியல் கோட்பாடு. ரசனை பிறப்பால் வருவது, சிலருக்கு அது வாய்க்காது, வாய்க்காதவனுக்கு மூட்டை சுமப்பதே வேலை என்ற மூன்றையும் நாலே சொல்லில் சொல்லிவிடுகிற கோட்பாடு. இதைச் சோதித்துப் பார்க்கச் சமீபத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. கற்பூரத்துக்குப் பதில் எலுமிச்சை. கழுதைக்குப் பதில் நான்.

1

வளைகுடாவில் வேலை பார்க்கும் எங்கள் தெருப் பையன் ஒருவன் விடுமுறையில் வந்தபோது ஒரு புட்டியைக் கையில் கொடுத்தான். "அண்ணா, நீ மீட்டிங் கீட்டிங்னு போற ஆளு, போட்டுக்க" என்றான். பிரான்சின் கிறிஸ்தியான் தியோர் கம்பெனியின் 'ஓ சோவாஜ்'. ஆண்களுக்கானது. அந்த 100 மில்லி புட்டியின் விலையில் எங்கள் தெருவில் ஒரு குடும்பம் ஒரு மாத அரிசி, பருப்பு, கறிச்செலவை முடித்துவிடும். அவன் என்ன விலை கொடுத்தான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பூசிக்கொள்ள மனம் வந்திருக்காது.

பொருளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இது 1966-ல் வந்தது. செய்தவர் எட்மோன் ருட்னிட்ஸ்கா. வாசனையும் ஓவியம், இசை போல ஒரு கலைதான் என்று வாதாடி 1977-ல் அழகியல் பற்றித் தனிப் புத்தகமே எழுதியவர். ஐரோப்பாவில் எலுமிச்சை வாசனைத் தண்ணீருக்கு நீண்ட சரித்திரம் உண்டு. இத்தாலிக்காரர்களான ஃபரீனா குடும்பத்தார் 1709-ல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் தொடங்கிய கடையிலிருந்துதான் 'கொலோன்' என்ற பேரே உலகமெங்கும் போனது. அந்த மரபில் வந்ததுதான் இதுவும். ஆனால் ருட்னிட்ஸ்கா ஒரு புதுக் காரியம் செய்தார். மல்லிகை வாசத்தை ஆராய்ந்த வேதியியலாளர்கள் உருவாக்கிய ஹெடியோன் என்ற பொருளை எலுமிச்சையோடு சேர்த்தார். ஆண்கள் பூசும் தண்ணீருக்குள் யாருக்கும் தெரியாமல் பூ நுழைந்தது. கொஞ்ச நாளில் பெண்களும் இதை எடுத்துப் பூச ஆரம்பித்தார்கள். 'ஆண்களுக்கு' என்று அட்டையில் போட்டது அட்டையோடு போனது.

ஒரு வாரம் தினமும் போட்டுப் பார்த்தேன். சித்திரை வெயில். காலையில் குளித்துவிட்டு கழுத்தில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று. முதலில் எலுமிச்சை. கடையில் விற்கும் எலுமிச்சை சோப்பின் இனிப்பு இதில் இல்லை. பழத்தோலை நகத்தால் கீறினால் கண்ணில் தெறிக்குமே, அந்தக் கசப்பு. கூடவே பெர்கமோட் என்ற இத்தாலிய நாரத்தை. பின்னால் ரோஸ்மேரியும், நம் திருநீற்றுப்பச்சையின் இனமான பேசிலும். பிள்ளையார்பாளையத்திலிருந்து காந்தி சாலைக்கு சைக்கிள் மிதித்துப் போய்ச் சேர்வதற்குள் எலுமிச்சை பறந்துவிட்டது. அதற்குப் பிறகு வருவதுதான் விசேஷம். பூ என்று சொல்ல முடியாது. பூக்கடையைத் தாண்டிய பிறகு காற்றில் மிச்சமிருக்கிற ஈரம் மாதிரி ஒன்று. சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போது அடியில் பாசி வாசம், மண் வாசம், வேர் வாசம். அந்த வேர் வெட்டிவேர். பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் அதை நம் தமிழ்ப் பேராலேயே அழைக்கிறான்.

வாசனைக்காரர்கள் இந்த வரிசையைத் தலை, நெஞ்சு, அடி என்று பிரிக்கிறார்கள். எனக்கு உடனே புருஷ சூக்தம் நினைவுக்கு வந்தது. தலையில் இருப்பது உசத்தி, காலில் இருப்பது தாழ்த்தி என்று அங்கே ஒரு ஏற்பாடு. புட்டிக்குள் நடப்பது வேறு. தலை என்று பேர் வாங்கியது 20 நிமிடத்தில் ஆவியாகிறது. அடியில் கிடப்பதுதான் மறுநாளும் துணியில் நிற்கிறது, மேலே இருப்பதைக் கொஞ்ச நேரமாவது பிடித்தும் வைக்கிறது. எது லேசோ அது முதலில் பறக்கும். இது இயற்பியல். இதில் தர்மம் எதுவும் இல்லை. வெட்டி எடுக்கும் வேர் என்பதால் வெட்டிவேர் என்பார்கள். சோழர் கல்வெட்டில் வெட்டி என்றால் கூலியில்லாத வேலை. இரண்டும் ஒரே சொல் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் வெட்டியான் என்று கூப்பிடப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுகிறது.

சரி, நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், நன்றாக இருக்கிறது. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பணக்காரன் பொருள் என்பதற்காக மட்டம் என்று எழுதினால் அது விமர்சனம் ஆகாது. இது கூச்சல் போடாத வாசனை. பக்கத்தில் இருப்பவனை இடித்துத் தள்ளுவதில்லை. பட்டுச் சேலையில் உடலும் கரையும் கோர்வையில் சேரும் இடம் கண்ணுக்குத் தெரியாத மாதிரி, எலுமிச்சை எங்கே முடிந்து பூ எங்கே ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கைவேலை தெரிந்தவன் செய்தது.

ஆனாலும் அந்த முதல் 20 நிமிடம் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வயிற்றில் ஏதோ பிசைந்தது.

2

எனக்கு ஒன்பது வயதில் தறிக்குப் போனேன். குடும்பத்துக்கு முன்பணம் கொடுத்த ஒரு முதலாளி வீட்டுத் தறி. கோர்வை நெய்ய ஒரு பக்கத்துக் கரையில் நாடா தள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மீசை முளைத்திருக்கத் தேவையில்லை. காஞ்சிபுரத்தைச் சுற்றிய கிராமங்களில் எத்தனை ஆயிரம் பிள்ளைகள் இப்படிக் கடனுக்கு உட்கார்ந்தார்கள் என்பது நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. மனித உரிமை அமைப்புகள் அறிக்கை எழுதி உலகத்துக்குச் சொன்ன விஷயம்தான்.

முதல் நாள் அந்த வீட்டு அம்மா பாதி சோப்பு ஒன்றைக் கொல்லைப்புறக் கல்லில் வைத்தார். பச்சை நிறம். எலுமிச்சை வாசம். "கைய நல்லா தேச்சுக் கழுவிட்டு உட்காருடா. பட்டு நாறிடும்." முதலாளியின் பிள்ளையும் அதே தறியில் விளையாட்டாக உட்காருவான். அவனுக்குச் சோப்பு கிடையாது. அவன் கை பட்டால் பட்டு நாறாது. சாயங்காலம் நாங்கள் கிளம்பியதும் சாம்பிராணி போடுவார்கள். நான் அதைச் சாமிக்குப் போடுகிறார்கள் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இத்தனைக்கும் அந்தப் பட்டு எப்படிப்பட்டது? புழுவின் வாயிலிருந்து வந்த கோந்து. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கோந்துதான். அதைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து எடுத்தால்தான் பளபளப்பு வரும். அந்தக் கொதிதண்ணீர் வாடையைச் சாயப்பட்டறைப் பக்கம் போனவர்களிடம் கேளுங்கள். புழுவைக் கொன்று, கோந்தை அவித்து, சாயத்தில் முக்கி, குழித்தறியின் ஈரத்தில் காலை விட்டு நெய்த துணி கல்யாணத்துக்கும் சாமிக்கும் மடி. நெய்கிற பையனின் கை தீட்டு.

அன்றிலிருந்து எலுமிச்சை வாசம் எனக்குப் பழத்தின் வாசம் இல்லை. 'கழுவிட்டு வா' என்கிற உத்தரவின் வாசம். பாத்திரச் சோப்பில், ஃபினாயிலில், ஆஸ்பத்திரித் தரையில், கக்கூஸ் கழுவும் திரவத்தில் என்று எங்கெங்கே நம் ஆட்கள் குனிந்து நிற்கிறார்களோ அங்கெல்லாம் இன்று எலுமிச்சை மணக்கிறது. அதே எலுமிச்சை புட்டியில் ஏறிப் பாரிஸ் முத்திரை குத்திக்கொண்டால் கனவான்களின் கழுத்துக்குப் போகிறது. கழுவுகிறவனின் எலுமிச்சை, கழுவத் தேவையில்லாதவனின் எலுமிச்சை என்று எலுமிச்சையிலும் ஊர் ஒன்று, சேரி ஒன்று இருக்கிறது. ருட்னிட்ஸ்காவின் திறமையே இவை இரண்டும் ஒன்றென்று நம் மூக்குக்கு ஞாபகம் வராமல் பார்த்துக்கொண்டதுதான். என் மூக்குக்கு ஞாபகம் வந்துவிட்டது. அது அவர் குற்றமில்லை.

3

தமிழ் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம். பூ நாறும், சந்தனம் நாறும். ஆண்டாள் கண்ணன் வாயைப் பற்றிக் கேட்கிறபோதும் 'நாறு' என்ற சொல்லைத்தான் எடுக்கிறாள். இன்று ஒரு மனிதனைப் பார்த்து 'நாறுகிறாய்' என்றால் அடிதடி ஆகும். இதை 'இழிபொருட்பேறு' என்று மொழியியல் பாடத்தில் இரண்டு மார்க் கேள்வியாகப் படித்தோம். ஒரு சொல் உயர்ந்த இடத்திலிருந்து இழிந்த இடத்துக்குப் போவது. சொல் தானாக இழிவதில்லை. யாரைச் சுட்ட அது தேவைப்பட்டது என்று எந்தப் பேராசிரியரும் எங்களுக்குச் சொன்னதில்லை. வாசனை என்ற சொல்லுக்கோ வடமொழித் தத்துவத்தில் முற்பிறவிப் பதிவு என்று இன்னொரு பொருள். 'பூர்வஜென்ம வாசனை போகாது' என்பார்கள். எந்தச் சோப்பாலும் கழுவ முடியாத ஒன்று உன்மேல் இருக்கிறது என்பதற்கு இதைவிட நாசூக்கான சொல் கிடைக்காது.

தொல்காப்பியர் உயிர்களை அறிவால் அடுக்குகிறபோது மூக்கறிவை மூன்றாவதாக வைத்தார். எறும்பும் கறையானும் மூவறிவு உயிர். மனம் ஆறாவது அறிவு, அது மனிதனுக்கு. ஐரோப்பாவில் காண்ட்டும் புலன்களில் மோப்பத்தைக் கடைசியில் தள்ளினார். இரண்டு பேரும் ஒரு விஷயத்தைப் பார்க்கவில்லை. ஒரு சமூகம் ஆறாவது அறிவு செய்ய வேண்டிய வேலையை மூன்றாவது அறிவிடம் ஒப்படைத்துவிட முடியும். பக்கத்தில் வந்தவன் யார் என்று யோசிக்க வேண்டியதில்லை, மூக்கைச் சுளித்தால் போதும். ஜார்ஜ் ஆர்வெல் 1937-ல் இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றி எழுதியபோது, உழைப்பவன் நாறுவான் என்று பிள்ளையிலேயே சொல்லி வளர்ப்பதுதான் வர்க்க வேற்றுமையின் ரகசியம் என்று கண்டுபிடித்தார். 2019-ல் வந்த கொரியப் படம் 'பாரசைட்'டில் பணக்காரன் மூக்கைப் பிடிக்கும் ஒரு நொடியில்தான் கத்தி பாய்கிறது. அங்கே வர்க்கம். இங்கே குளித்துவிட்டு வந்தாலும் விடாத ஒன்று.

4

குளிப்பதைப் பற்றியும் பேசிவிடுவோம். கொலோன் தண்ணீர் பிறந்த காலத்து ஐரோப்பியப் பிரபுக்கள் நிறையப் பேர் குளிக்கப் பயந்தவர்கள். தண்ணீர் பட்டால் தோலின் துவாரம் திறந்து நோய் நுழையும் என்று நம்பினார்கள். சட்டையை மாற்றுவார்கள், வாசனை பூசுவார்கள். குளிக்காத உடம்பை மறைக்கத்தான் வாசனை அங்கே பெரிய தொழிலானது.

வாசனையின் தலைநகரம் என்று சொல்லப்படும் பிரான்சின் கிராஸ் ஊர் முதலில் என்னவாக இருந்தது தெரியுமா? தோல் பதனிடும் ஊர். தோல் கையுறை நாறுகிறது என்று பிரபுக்கள் முகம் சுளித்ததால், 16-ஆம் நூற்றாண்டில் கையுறைக்குப் பூ வாசனை ஏற்றினார்கள். கையுறைக்காரர்களே வாசனைக்காரர்களும் ஆனார்கள். பிறகு தோல் தொழில் தேய்ந்தது, வாசனை நிலைத்தது. 2018-ல் யுனெஸ்கோ கிராஸின் வாசனைக் கலையை மனிதகுலத்தின் பண்பாட்டுச் சொத்து என்று பட்டியலில் சேர்த்தது.

நமக்கும் ஒரு கிராஸ் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை. அங்கே தோல் ஊறிய தண்ணீர் பாலாற்றில் இறங்கி எங்கள் காஞ்சிபுரம் பக்கமாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்த் தொட்டி உடைந்து தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். அங்கே தோல் உரித்தவன் பேரன் கலைஞன் ஆனான். இங்கே தோல் தொட்டவன் பேரன் அதே தொட்டியில் இறங்குகிறான். இரண்டு ஊர்த் தோலும் ஒரே மாதிரிதான் நாறும். வித்தியாசம் தோலில் இல்லை, சாதியில் இருக்கிறது.

தண்ணீருக்குப் பயந்தவன் வாசனையைக் கண்டுபிடித்தான். நமக்குத் தண்ணீரையே கொடுக்கவில்லை. 1927-ல் மகத் குளத்தில் அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்ததற்கு அடி விழுந்தது, குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. குளத்தை மூடிவைத்துவிட்டு 'இவன் குளிப்பதில்லை' என்று சொல்வதற்குப் பேர் தந்திரம். அந்தத் தந்திரத்துக்குச் சுகாதாரம் என்று பேர் வைத்தார்கள்.

5

கோயிலூரில் இருந்துகொண்டு கோயில் வாசனையைப் பேசாமல் இருக்க முடியாது. ஏகாம்பரநாதர் கோயில் மூலவர் மண் லிங்கம் என்பதால் தண்ணீர் அபிஷேகம் கிடையாது, புனுகு சாத்துவார்கள். புனுகு எங்கிருந்து வருகிறது? புனுகுப் பூனையின் வால் பக்கத்துச் சுரப்பியிலிருந்து. பிரெஞ்சு வாசனைக்காரர்களும் ரொம்பக் காலம் அதை வாங்கிக் கலந்தார்கள். பச்சையாக முகர்ந்தால் குமட்டும். துளியாகக் கலந்தால் மற்ற வாசனைகளுக்கு உயிர் வரும். ஆக, பூனையின் பின்பக்கம் கருவறை வரை போகலாம். மலமும் மல்லிகையும் தூரத்துச் சொந்தம் என்பது வாசனைத் தொழில் செய்கிற எவனுக்கும் தெரியும். அர்ச்சகருக்கும் தெரியும்.

நந்தனை நினைத்துப் பாருங்கள். இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார்தான் அவர் கதையை விரித்து எழுதினார். பேரிகைக்குத் தோல், யாழுக்கு நரம்பு, பூசைக்குக் கோரோசனை கொடுத்தவர் நந்தன். கோரோசனை என்பது மாட்டின் பித்தப்பையில் விளைவது. செத்த மாட்டை அறுக்கத் தெரிந்தவன் கையில்தான் அது கிடைக்கும். நந்தன் கொடுத்த வாசனைப் பொருள் நேராக உள்ளே போய்விட்டது. நந்தன் உள்ளே போக நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. பெரியபுராணத்தைப் பக்திக் காவியமாக வாசித்துப் பழகியவர்கள் இந்தக் கோரோசனையை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும்.

6

கடைசியாகப் பேர். 'ஓ' என்றால் தண்ணீர். 'சோவாஜ்' என்றால் காட்டுத்தனமானது, நாகரிகமில்லாதது. நாகரிகத்தின் உச்சியில் இருக்கிறவன் காட்டுமிராண்டித் தண்ணீர் என்று பேர் வைத்து விற்கிறான். 2015-ல் இதே பேரில் பாதியை எடுத்து இன்னொரு வாசனை வந்தது. 2019-ல் அதற்கு அமெரிக்கப் பூர்வகுடிகளின் நடனத்தையும் நிலத்தையும் காட்டி ஒரு விளம்பரம் போட்டார்கள். எங்களைக் காட்டுமிராண்டி என்று சொன்ன அதே சொல்லுக்கு எங்களையே படமா என்று எதிர்ப்புக் கிளம்பியதும் தியோர் அதை எடுத்துவிட்டது. காட்டுமிராண்டி என்ற பேர் அவன் புட்டியில் இருந்தால் கவர்ச்சி, நம் நெற்றியில் இருந்தால் இழிவு. விரும்பியபோது கழற்றிவிடக்கூடியவனுக்குத்தான் அது கவர்ச்சி.

இதைப் போட்டுக்கொண்டு வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். கோயில் பக்கத்துத் தெரு. வீட்டுக்காரர் வாசலிலேயே "வாங்க சார், உட்காருங்க" என்றார். ஃபேன் போட்டார். தண்ணீர் வந்தது. வாசனை வேலை செய்கிறது என்று எனக்கே தோன்றியது. "சார் எந்தப் பக்கம்?" ஊர்ப் பேரைச் சொன்னேன். "ஊர்ல எந்தத் தெரு?" சொன்னேன். "நாங்க சைவம் சார். சமையல் வாடைகூட ஆகாது வீட்டம்மாவுக்கு. தப்பா எடுத்துக்காதீங்க." காலையிலிருந்து நான் சாப்பிட்டது இரண்டு இட்லி. ஆறேழு மணி நேரம் நிற்கிற வாசனை அந்தக் கேள்விக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்கவில்லை. தெருப் பேரைக் கேட்ட பிறகுதான் அவர் மூக்குக்கு வேலை வந்தது. இந்த நாட்டில் மூக்கு காதின் வழியாகத்தான் முகர்கிறது.

அப்படியானால் பூசலாமா, தூக்கி எறியலாமா? ராஜ் கௌதமன் 1993-ல் 'தலித் பண்பாடு' எழுதிய அந்தக் காலத்திலிருந்தே நம்மிடையே இந்த வழக்கு இருக்கிறது. இழிவு என்று சொன்னதையே கையில் எடு, கருவாட்டையும் மாட்டுக்கறியையும் அவர்கள் மூக்குக்கு நேரே கொண்டுபோ என்பது ஒரு கட்சி. அம்பேத்கர் கோட்டுப் போட்டது ஏன், நல்லது எதுவோ அது நமக்கும் உரியது என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டும் எதிராளியின் மூக்கை நடுவில் வைத்துத்தான் பேசுகின்றன. அவனைக் குமட்ட வைப்பதா, மயங்க வைப்பதா என்பதுதான் சண்டை. நம் மூக்கு என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். ஆயாவிடம் மணிக்கட்டை நீட்டினேன். எண்பதைத் தாண்டியவள். நடவுக்கும் சாயப்பட்டறைக்கும் போய் வந்த உடம்பு. கூழ் எப்போது புளிக்கும், மழை எந்தப் பக்கம் வரும், மண்ணெண்ணெயில் என்ன கலந்திருக்கிறான் என்று மூக்கால் சொல்கிறவள். கண்ணை மூடி இழுத்தாள். "எலுமிச்சங்கா. தோல் மட்டும்தான், சாறு இல்ல." கொஞ்சம் விட்டு, "பூ கீது. ஆனா பூவாட்டம் இல்ல, பூ வெச்ச கூடையாட்டம் கீது." மறுபடி இழுத்து முகத்தைச் சுருக்கினாள். "அடியில இன்னாடா இது, ஆட்டுப் பட்டி ஓரம் மூத்திரம் காஞ்சாப்ல ஒண்ணு?" அப்புறம் சிரித்தாள். "அது இருந்தாதான்டா நல்லாகீது."

எலுமிச்சை, ஹெடியோன், அடியில் உடம்பின் வாடை. ஒரு வாரம் போட்டு நான் எழுதி வைத்த குறிப்பை ஆயா மூன்று மூச்சில் முடித்துவிட்டாள். அழுக்கு வாடை துளி சேர்ந்தால்தான் வாசனைக்கு உயிர் என்று புட்டி செய்கிறவர்கள் தொழில் ரகசியமாகக் கற்றுக்கொள்வதை, படிக்காமலே சொல்லிவிட்டாள்.

ஆகவே என் விமர்சன முடிவு இதுதான். 'ஓ சோவாஜ்' நல்ல படைப்பு. அதன் முதல் 20 நிமிடம் எனக்கு இன்னமும் வலிக்கிறது, அது என் சரித்திரம். மிச்சத்தை ரசிக்க எனக்கு உரிமையும் இருக்கிறது, அறிவும் இருக்கிறது. எவன் வீட்டு வாசலிலும் நுழைவதற்காக இதை இனிப் பூச மாட்டேன். அதற்கு இது உதவாது என்பது தெரிந்துவிட்டது. புட்டியை ஆயாவின் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். சாயங்காலம் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும்போது ஒரு துளி கையில் தேய்த்துக்கொண்டு உட்காருகிறாள். இரண்டும் அந்தக் குடிசைக்குள் சண்டை போடாமல் இருக்கின்றன.

பழமொழியை மாற்றி எழுத வேண்டிய வேலை பாக்கி இருக்கிறது. கற்பூர மூட்டையைக் காலமெல்லாம் முதுகில் சுமந்த கழுதைக்கு அதன் வாசனை தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.